தராசு ஒரு விஎம்மில், டோக்கன் இன்னொன்றில்: சாதனங்கள் முரண்டு பிடித்தால் என்ன பார்ப்பது

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் சில ரப்பர் ஷீட் கடைகளில் மேசைக்கு அடியில் ஒரே ஒரு கணினிதான் இருக்கும். உள்ளே ஓடுவதோ இரண்டு மூன்று. எப்போதோ எழுதி வாங்கிய பில்லிங் மென்பொருளுக்காக விண்டோஸ் எக்ஸ்பி ஒன்று, டாலிக்கும் ஜிஎஸ்டிக்கும் புதிய விண்டோஸ் ஒன்று, இரண்டையும் தாங்கும் ஹோஸ்டாக, அதாவது நிஜக் கணினியின் இயங்குதளமாக, உபுண்டு லினக்ஸோ விண்டோஸ் 11ஓ. அப்படி ஹோஸ்டுக்குள் மென்பொருளால் ஓடும் கணினிதான் விஎம் (விர்ச்சுவல் மெஷின்). இப்படி ஓட்டுவதில் தப்பே இல்லை. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துபோனது. அதை நேராக இணையத்தில் விடுவதைவிட ஒரு விஎம்முக்குள் அடைத்து வைப்பது எவ்வளவோ மேல்.

தொல்லை தொடங்குவது சாதனங்களில். தராசு, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பார்கோடு ஸ்கேனர், பேக்கப் டிஸ்க் எல்லாம் அந்த ஒரே பெட்டியில்தான் செருகியிருக்கும். "அண்ணே, காலையில நல்லா ஓடிச்சு, இப்ப வரமாட்டேங்குது" என்று போன் வந்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தச் சாதனம் இப்போது யார் கையில் இருக்கிறது?

யூஎஸ்பி சாதனம் ஒரு விஎம்முக்குப் போக வேண்டுமென்றால் ஹோஸ்டின் டிரைவர் அதை விட்டாக வேண்டும். இரண்டு விஎம்கள் ஒரே நேரத்தில் அதைப் பிடிக்க முடியாது. இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் அறிகுறிகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

எதையும் மாற்றுவதற்கு முன்

எல்லா விஎம்களையும் அணைத்துவிட்டு ஹோஸ்டில் மட்டும் சாதனம் தெரிகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை. அங்கேயே தெரியவில்லை என்றால் விஎம் அமைப்புகளைக் கிண்டுவது வீண் வேலை. கேபிள், போர்ட், ஹப், இவற்றில் ஒன்றில்தான் கோளாறு. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரும், 3.0 போர்ட் 900. தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் நாலு சாதனம் தொங்கினால் நாலும் அந்த 500ஐத்தான் பங்கு போட வேண்டும். யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. தராசு கடை வாசலில், கணினி உள்ளறையில் என்று இருக்கும் இடங்களில் இரண்டு எக்ஸ்டென்ஷன் கேபிளை ஒன்றோடு ஒன்று செருகி வைத்திருப்பார்கள். அதை முதலில் கழற்றிப் பாருங்கள்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடலை ஒட்டிய இடங்களில் இன்னொன்று உண்டு. உப்புக் காற்றில் யூஎஸ்பி முனைகள் கறுத்தோ பச்சை படிந்தோ போகும். சாதனம் வரும், போகும், ஆட்டினால் மறுபடி வரும். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு செருகுங்கள். இதைச் செய்யாமல் டிரைவரை எத்தனை தடவை மாற்றினாலும் பலன் இல்லை.

ஹோஸ்டில் ஒழுங்காகத் தெரிகிறது, விஎம்மில்தான் வரவில்லை என்றால் கீழே உங்கள் அறிகுறியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

விஎம் மெனுவில் எந்தச் சாதனமும் இல்லை

விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், ஹைப்பர்-வி, கேவிஎம் எல்லாம் விஎம்களை ஓட்டும் மென்பொருள்கள். லினக்ஸ் ஹோஸ்டில் விர்ச்சுவல்பாக்ஸ் ஓட்டுகிறீர்கள், யூஎஸ்பி மெனு முழுக்கக் காலி. பெரும்பாலும் உங்கள் பயனர் கணக்கு 'விபாக்ஸ்யூசர்ஸ்' குழுவில் சேரவில்லை. சேர்த்த பிறகு டெர்மினலை மூடித் திறந்தால் போதாது. லாக்அவுட் செய்து உள்ளே வர வேண்டும், அல்லது கணினியையே மறுதொடக்கம் செய்யுங்கள்.

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனில் மெனு காலி என்றால் விண்டோஸ் சர்வீஸ் பட்டியலில் 'விஎம்வேர் யூஎஸ்பி ஆர்பிட்ரேஷன் சர்வீஸ்' ஓடுகிறதா என்று பாருங்கள். அது நின்றால் எதுவும் வராது. மற்றவை வந்து கீபோர்டு, மவுஸ் வகைச் சாதனங்கள் மட்டும் காணவில்லை என்றால் அது கோளாறு அல்ல. அவற்றை விஎம்வேர் வேண்டுமென்றே மறைத்து வைக்கிறது. விஎம்மின் யூஎஸ்பி அமைப்பில் எல்லா உள்ளீட்டுச் சாதனங்களையும் காட்டு என்று ஒரு பெட்டி இருக்கும்.

ஹைப்பர்-வி ஓட்டுபவர்கள் அந்த மெனுவைத் தேட வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸில் இருப்பதுபோல் யூஎஸ்பி சாதனத்தை அப்படியே விஎம்முக்குக் கொடுக்கும் வசதி அதில் கிடையாது. என்ஹான்ஸ்டு செஷன் வழியாகச் சில வகைகளை மட்டும் அனுப்பலாம். தராசும், மென்பொருள் உரிமத்துக்கான பழைய டாங்கிளும்தான் உங்கள் பிழைப்பு என்றால் விர்ச்சுவல்பாக்ஸோ விஎம்வேரோ போடுவதே நல்லது.

பெயர் இருக்கிறது, ஆனால் சாம்பல் நிறத்தில்

வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விர்ச்சுவல்பாக்ஸில் 'விபாக்ஸ்மேனேஜ் லிஸ்ட் யூஎஸ்பிஹோஸ்ட்' என்ற கட்டளை ஒவ்வொரு சாதனத்தின் நிலையையும் சொல்லும். 'கேப்சர்டு' என்றால் ஏற்கெனவே ஒரு விஎம் எடுத்துவிட்டது. அந்த விஎம்மின் மெனுவில் போய் டிக்கை எடுங்கள். 'பிஸி' என்றால் ஹோஸ்டில் ஏதோ ஒரு நிரல் அதை விடவில்லை. பிரிண்டர் என்றால் அச்சு வரிசை, டிஸ்க் என்றால் திறந்து கிடக்கும் கோப்புறை, டோக்கன் என்றால் ஸ்மார்ட் கார்டு சர்வீஸ். அதை நிறுத்திவிட்டு, சாதனத்தைக் கழற்றிச் செருகினால் 'அவைலபிள்' ஆகும்.

விண்டோஸ் ஹோஸ்டில் டிவைஸ் மேனேஜரில் உங்கள் பிரிண்டரின் பெயர் போய் 'விர்ச்சுவல்பாக்ஸ் யூஎஸ்பி' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். விஎம் எடுத்துக்கொண்டதன் அடையாளம் அது. விஎம்மை அணைத்த பிறகும் அப்படியே நின்றால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் கழற்றிச் செருகுவதுதான் முதல் மருந்து.

டிக் விழுகிறது, விஎம்முக்குள் மஞ்சள் முக்கோணம்

விஎம்மில் எந்த யூஎஸ்பி கன்ட்ரோலர் போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். விண்டோஸ் 8 முதல்தான் யூஎஸ்பி 3.0க்கான எக்ஸ்எச்சிஐ டிரைவர் கூடவே வருகிறது. எக்ஸ்பிக்கும் விண்டோஸ் 7க்கும் அது கிடையாது, அவற்றுக்கு 2.0 கன்ட்ரோலர், அதாவது ஈஎச்சிஐ, போதும். புதிய விண்டோஸ் விஎம்முக்கு 3.0 வைத்துக்கொள்ளலாம். இந்த அமைப்பை மாற்ற விஎம் முழுக்க அணைந்திருக்க வேண்டும். நிலையைச் சேமித்து மூடி வைத்திருந்தால் அமைப்பு பூட்டியேதான் இருக்கும்.

விர்ச்சுவல்பாக்ஸ் 7.0க்கு முந்தைய பதிப்பு என்றால் 2.0, 3.0 இரண்டுக்கும் எக்ஸ்டென்ஷன் பேக் வேண்டும், அதன் பதிப்பு எண் விர்ச்சுவல்பாக்ஸ் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். மென்பொருளை மட்டும் அப்டேட் செய்துவிட்டுப் பேக்கை மறந்துபோவது வழக்கமாக நடக்கிற ஒன்று.

விஎம்மைத் தொடங்கியதும் மவுஸும் கீபோர்டும் செத்துவிட்டன

சாகவில்லை, விஎம்முக்குள் போய்விட்டன. எந்தச் சாதனத்தை விஎம் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் யூஎஸ்பி ஃபில்டர் பட்டியலில் யாரோ ஒரு காலி ஃபில்டரைச் சேர்த்திருப்பார்கள். ஃபில்டரில் நிரப்பாத கட்டம் எதுவானாலும் பரவாயில்லை என்று பொருள்படும். எல்லாமே காலி என்றால் கண்ணில் படும் ஒவ்வொரு சாதனத்தையும் அந்த விஎம் வாரிச் சுருட்டிக்கொள்ளும். புதிதாக இன்னொரு கீபோர்டு செருகினாலும் அதையும் எடுத்துக்கொள்ளும்.

பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். கீபோர்டு விஎம்முக்குள் வேலை செய்யும், அதனால் அதை வைத்தே உள்ளே இருக்கும் விண்டோஸை முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். விஎம் அணைந்ததும் எல்லாம் ஹோஸ்டுக்குத் திரும்பும். அப்புறம் அந்த ஃபில்டரைத் தூக்கிவிட்டு, வேண்டிய சாதனத்துக்கு மட்டும் வெண்டர் எண் (தயாரிப்பாளர் அடையாளம்), பிராடக்ட் எண் (மாடல் அடையாளம்) போட்டுப் புதிதாக ஒன்று சேர்த்தால் சரி.

தராசில் எடை காட்டுகிறது, பில்லில் விழவில்லை

நம் மாவட்டத்தில் இந்த ஒரு அறிகுறிக்கே தனிக் கட்டுரை எழுதலாம். ரப்பர் கடை, முந்திரி ஆலை, தோவாளைப் பூ வியாபாரம் என்று எடையை நம்பிப் பிழைக்கிற இடங்கள் அவ்வளவு இருக்கின்றன. பெரும்பாலான தராசுகள் ஆர்எஸ்-232 சீரியல் வழியில் பேசுகின்றன. கணினியில் அந்தப் பழைய ஒன்பது முனை போர்ட் இல்லாததால் நடுவில் யூஎஸ்பி-சீரியல் கன்வர்ட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கும். கோளாறு அனேகமாக அந்தக் கன்வர்ட்டரிடம்தான்.

என் யோசனை இது: கன்வர்ட்டரை விஎம்முக்குக் கொடுக்காதீர்கள். ஹோஸ்டிடமே இருக்கட்டும். ஹோஸ்டில் அது காம்3 என்று வந்தால், விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பில் சீரியல் போர்ட் பகுதிக்குப் போய், காம்1ஐ இயக்கி, 'ஹோஸ்ட் டிவைஸ்' முறையைத் தேர்ந்து, பாதையில் காம்3 என்று கொடுங்கள். எக்ஸ்பிக்குள் அது சாதாரண காம்1 ஆகத் தெரியும். உள்ளே டிரைவரே தேவையில்லை. இருபது வருடம் பழைய இயங்குதளத்துக்கு இன்றைய கன்வர்ட்டரின் டிரைவரைத் தேடி அலையும் வேலை அத்தோடு ஒழிந்தது.

லினக்ஸ் ஹோஸ்ட் என்றால் உங்கள் கணக்கு 'டயல்அவுட்' குழுவில் இருக்க வேண்டும். பாதையாக 'டிடிஒய்யூஎஸ்பி0' என்று கொடுத்தால் அடுத்த தடவை அது 1 ஆகிவிடலாம். அதற்குப் பதில் டெவ் அடைவுக்குள் 'சீரியல்' என்ற துணை அடைவில் 'பை-ஐடி', 'பை-பாத்' என்று இரண்டு இருக்கும். அவற்றிலிருந்து பெயரை எடுத்தால் மாறாது.

இந்த வழியிலும் சிக்கினால் பார்க்க வேண்டியவை:

விஎம்மே தொடங்க மறுக்கிறது, ஹோஸ்ட் சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்கிறது. கன்வர்ட்டர் கழன்று கிடக்கிறது, அல்லது காம் எண் மாறிவிட்டது, அல்லது ஹோஸ்டில் வேறொரு நிரல் அந்தப் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறது. விண்டோஸில் ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்கலாம். சோதனைக்காகத் திறந்த 'புட்டி' என்ற டெர்மினல் நிரலை மூடாமல் விட்டிருப்பார்கள்.

காம் எண் அடிக்கடி மாறுகிறது. சிஎச்340 போன்ற மலிவான கன்வர்ட்டர் சிப்புகளில் தனிச் சீரியல் எண் இருக்காது. அதனால் வேறு யூஎஸ்பி துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதுச் சாதனமாக எடுத்துப் புது எண் கொடுத்துவிடும். துளைக்கு மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி 'தராசு' என்று எழுதிவைப்பதுதான் நான் கண்ட நல்ல தீர்வு.

எடைக்குப் பதில் கிறுக்கல் எழுத்து. வேகம் பொருந்தவில்லை. தராசில் 9600 என்றும் மென்பொருளில் 2400 என்றும் இருந்தால் இப்படித்தான் வரும். பாரிட்டி, டேட்டா பிட், ஸ்டாப் பிட் மூன்றையும் தராசின் அமைப்போடு ஒப்பிடுங்கள்.

உபுண்டு 22.04 ஹோஸ்டில் கன்வர்ட்டர் செருகியதும் வந்து, உடனே மறைகிறது. சிஎச்340 சிப் என்றால் குற்றவாளி 'பிஆர்எல்டிடிஒய்'. பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்லி கருவிகளுக்கான மென்பொருள் அது. அதே அடையாள எண்ணைப் பார்த்து, பிரெய்லி கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. கடையில் பிரெய்லி கருவி இல்லையென்றால் அந்த மென்பொருளை நீக்கிவிடலாம்.

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'கோட் 10' என்ற பிழை. ப்ரோலிஃபிக் பிஎல்2303 சிப்பின் பழைய வகைகளையும் போலிகளையும் புதிய டிரைவர் ஏற்காது. 2012இலேயே நிறுத்தப்பட்ட வகை என்று டிவைஸ் மேனேஜரே எழுதிக் காட்டுவதும் உண்டு. எஃப்டிடிஐ என்ற இன்னொரு சிப் நிறுவனத்தின் கதை இன்னும் மோசம்: 2014இல் வந்த அவர்களுடைய ஒரு விண்டோஸ் டிரைவர், போலிச் சிப்புகளின் பிராடக்ட் எண்ணை 0 ஆக்கிச் செயலிழக்கச் செய்தது. மலிவுக் கன்வர்ட்டரை வாங்கி மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட நல்லதாக ஒன்று வாங்கிவிடுவது லாபம்.

இரண்டு தராசு, ஒரே வகைக் கன்வர்ட்டர். கேவிஎம்மில் கன்வர்ட்டரையே விஎம்முக்குக் கொடுத்தவர்களுக்கு இது வரும். 0403:6001 என்ற அடையாளத்தோடு இரண்டு இருக்கின்றன, எது வேண்டும் என்று கேட்டு நின்றுவிடும். பஸ் எண், சாதன எண் கொடுத்தால் அன்றைக்கு ஓடும். கழற்றிச் செருகினால் சாதன எண் மாறும். ஹோஸ்டிடமே வைத்துச் சீரியல் போர்ட்டாகக் கொடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று: விஎம் அமைப்பில் கன்வர்ட்டரை நிரந்தரமாகச் சேர்த்திருந்தால், அது செருகப்படாத அன்று விஎம் தொடங்கவே தொடங்காது. கேவிஎம்மை நிர்வகிக்கும் லிப்விர்ட்டில் 'ஸ்டார்ட்அப்பாலிசி'யை 'ஆப்ஷனல்' ஆக்கினால் அது இல்லாமலும் தொடங்கும்.

டோக்கன் விஎம்மில் தெரிகிறது, ரிமோட்டில் நுழைந்தால் காணவில்லை

ஆடிட்டர் அலுவலகங்களில் பலரைத் தலை சுற்ற வைக்கும் அறிகுறி இது. கணினி முன்னால் உட்கார்ந்து விஎம் சன்னலில் பார்த்தால் டோக்கன் இருக்கிறது. அடுத்த அறையிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் அதே விஎம்முக்குள் நுழைந்தால் டோக்கன் இல்லை என்கிறது. டிரைவரை நீக்கி நிறுவுவார்கள், டோக்கனை மாற்றுவார்கள், பலனிருக்காது.

விண்டோஸ் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப் அமர்வுக்குள் ஸ்மார்ட் கார்டைக் (டோக்கனும் அந்த வகைதான்) கேட்டால், அது நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியில் தேடும், நீங்கள் நுழைந்த விஎம்மில் தேடாது. எனவே டோக்கனை உங்கள் கணினியில் செருகி, ரிமோட் டெஸ்க்டாப்பின் 'லோக்கல் ரிசோர்சஸ்' பகுதியில் ஸ்மார்ட் கார்டு டிக்கைப் போட்டு நுழையுங்கள். அப்படி முடியாதென்றால் எனிடெஸ்க் போலத் திரையை அப்படியே காட்டும் கருவியில் நுழையுங்கள். ஹைப்பர்-வியின் என்ஹான்ஸ்டு செஷனும் இதே வழியில்தான் நடக்கிறது, ஆகவே டோக்கன் ஹோஸ்டில் செருகியிருந்தாலே உள்ளே வந்துவிடும். யூஎஸ்பி மெனு இல்லாத ஹைப்பர்-வி, டோக்கன் விஷயத்தில் மட்டும் சுலபம்.

விஎம் சன்னலிலேயே டோக்கன் வரவில்லை என்றால் ஹோஸ்ட் பிடித்து வைத்திருக்கும். லினக்ஸில் ஸ்மார்ட் கார்டைக் கவனிக்கும் 'பிசிஎஸ்சிடி' சர்வீஸை நிறுத்துங்கள். அதன் சாக்கெட்டையும் சேர்த்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் யாராவது கேட்டதும் அது மறுபடி எழுந்துவிடும். விஎம்வேரில் டோக்கனின் பெயர் 'ஷேர்டு' என்று ஒரு தடவையும் உண்மைப் பெயரில் ஒரு தடவையும் தெரியலாம். ஒன்றை மட்டும் இணையுங்கள்.

சோதனை செய்கிறேன் என்று டோக்கனின் பின் எண்ணைத் தப்பாக அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். சில தடவைக்குப் பிறகு டோக்கன் பூட்டிக்கொள்ளும். கடைக்காரர் டோக்கனை ஆண்டு முழுக்க ஹோஸ்டிலேயே செருகி வைத்து எல்லாருக்கும் பின்னைச் சொல்லிக்கொடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை. அது அவருடைய கையெழுத்து.

பார்கோடு ஸ்கேனர் ஒரு விஎம்மில் மட்டும் அடிக்கிறது

விஎம்மிலிருந்து அதைக் கழற்றிவிடுங்கள். இந்த ஸ்கேனர்கள் பெரும்பாலும் கீபோர்டு மாதிரிதான் தங்களைக் காட்டிக்கொள்கின்றன. ஹோஸ்டிடம் விட்டுவிட்டால், எந்த விஎம் சன்னல் முன்னால் இருக்கிறதோ அதில் எண்கள் விழும்.

பிரிண்டர்: ஒரு விஎம் அடித்தால் இன்னொன்று காத்துக் கிடக்கிறது

பிரிண்டரை எந்த விஎம்முக்கும் யூஎஸ்பியாகக் கொடுக்காதீர்கள். எல்லாருக்கும் வேண்டியது அச்சடிப்பு. அந்த வேலையை ஹோஸ்ட் பார்க்கட்டும், மற்றவர்கள் நெட்வொர்க் வழியே அனுப்பட்டும். விர்ச்சுவல்பாக்ஸில் ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க் போட்டால் ஹோஸ்டின் முகவரி வழக்கமாக 192.168.56.1. எக்ஸ்பி விஎம்முக்கு இந்த நெட்வொர்க்கை மட்டும் கொடுத்தால் அதற்கு இணையமும் இருக்காது, பிரிண்டரும் கிடைக்கும்.

பகிர்ந்த பிறகும் எக்ஸ்பி ஹோஸ்டைக் காணவில்லை என்றால் காரணம், விண்டோஸ் கணினிகள் கோப்பும் பிரிண்டரும் பகிரும் எஸ்எம்பி நெறிமுறையின் பதிப்பு. எக்ஸ்பிக்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதைத் திரும்ப இயக்குங்கள் என்று பலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன், பாதுகாப்பு ஓட்டை அது. ஹோஸ்ட் லினக்ஸ் என்றால் 'கப்ஸ்' என்ற அச்சு மென்பொருளில் பிரிண்டரைப் பகிர்ந்து, எக்ஸ்பியில் இணையப் பிரிண்டராக 631 போர்ட் வழியே சேர்த்துவிடலாம்.

அச்சு வருகிறது, ஆனால் பக்கம் பக்கமாகக் கிறுக்கல் என்றால் இரண்டு டிரைவர்கள் மோதுகின்றன. விஎம்முக்குள் ஒரு டிரைவர் ஏற்கெனவே வடிவமைத்து அனுப்பியதை ஹோஸ்டின் டிரைவர் இன்னொரு தடவை வடிவமைக்கிறது. ஹோஸ்டின் வரிசையை 'ரா' முறையில் வையுங்கள். டாஸ் காலத்து மென்பொருள் எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் போர்ட்டுக்குத்தான் அடிப்பேன் என்று அடம்பிடித்தால், விஎம்முக்குள் 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1ஐ ஒரு விண்டோஸ் பகிர்வுப் பிரிண்டருக்குத் திருப்பிவிடலாம். லினக்ஸ் ஹோஸ்டில் அதற்கு, விண்டோஸ் முறையில் பகிரும் சாம்பா மென்பொருள் வழியே பகிர வேண்டும்.

பேக்கப் டிஸ்க்கில் கோப்புகள் காணாமல் போகின்றன

உடனே எல்லா விஎம்களையும் அணையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஒரே டிஸ்க்கை, அல்லது ஒரே டிஸ்க் படிமத்தை, இரண்டு இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் எழுதத் திறந்தால் என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைகள் தாங்காது. ஒவ்வொன்றும் தான் மட்டும்தான் உரிமையாளர் என்று நினைத்து, தன் நினைவகத்தில் உள்ள பழைய பட்டியலை மேலே எழுதும். விர்ச்சுவல்பாக்ஸில் 'ஷேரபிள்' என்றும் லிப்விர்ட்டில் அதே பெயரிலும் ஒரு வசதி இருப்பதைப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். அது பூட்டைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே, பல கணினிகள் சேர்ந்து எழுதினாலும் தாங்கும் ஜிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் கோப்பு முறை இருந்தால் மட்டுமே அது பயன்படும். கடைக்குத் தேவையானது ஹோஸ்டில் ஒரு பகிர்வுக் கோப்புறை.

கெட்டுப்போன டிஸ்க்கில் பழுது பார்க்கும் கருவிகளை ஓட்டுவதற்கு முன் முழு நகல் ஒன்று எடுத்துவிடுங்கள். விண்டோஸின் செக்டிஸ்க் கருவி சரிசெய்கிறேன் என்று கிளம்பி, மீட்கக் கூடியதையும் சேர்த்து அழித்துவிடக் கூடும்.

போனைச் செருகினால் ஒரு நொடி வந்து போகிறது

ஆண்ட்ராய்டு போன் சார்ஜ், கோப்பு மாற்றம், டெதரிங் என்று முறை மாறும்போது பிராடக்ட் எண்ணையும் மாற்றும். டேட்டா கார்டு மோடம்களும் முதலில் சிடி டிரைவாக வந்து, பிறகு மோடமாக மாறும். உங்கள் ஃபில்டர் பழைய எண்ணுக்கு மட்டும் எழுதியிருக்கும். பிராடக்ட் எண் கட்டத்தைக் காலியாக விட்டு, வெண்டர் எண்ணை மட்டும் வைத்தால் நிற்கும்.

விஎம்மை நகலெடுத்த பிறகு இரண்டிலும் நெட் விட்டு விட்டு வருகிறது

இரண்டுக்கும் ஒரே மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண். விர்ச்சுவல்பாக்ஸ் கொடுப்பவை 08:00:27 என்று தொடங்கும், கேவிஎம்மில் 52:54:00. மீதி எண்கள் இரண்டு விஎம்மிலும் ஒன்றாக இருந்தால் ஒன்றில் புதிய முகவரி உருவாக்குங்கள். விஎம் நேராக நெட்வொர்க்கில் சேரும் பிரிட்ஜ் முறை கேபிளில் ஓடி வைஃபையில் மட்டும் தகராறு செய்கிறது என்றால் வேறு கதை: பெரும்பாலான வைஃபை ரவுட்டர்கள் இணைந்த கணினியின் முகவரியைத் தவிர வேறு முகவரியை அதே இணைப்பில் ஏற்காது. ஹோஸ்டின் முகவரியிலேயே வெளியே போகும் நாட் முறைக்கு மாறிவிடுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டைக் கொடுத்தால் விஎம் தொடங்கவில்லை

நாகர்கோவிலில் கல்யாண ஆல்பம், வீடியோ வேலை செய்பவர்கள் லினக்ஸ் ஹோஸ்டில் விண்டோஸ் விஎம் போட்டு அதற்கு முழு கிராஃபிக்ஸ் கார்டையும் கொடுக்க முயல்கிறார்கள். முதலில் பயாஸில், சாதனத்தை நேராக விஎம்முக்கு ஒப்படைக்க உதவும் விடி-டி, ஏஎம்டி என்றால் ஐஓஎம்எம்யு, இயங்க வேண்டும். விஎம்மை ஓட்ட உதவும் விடி-எக்ஸ் மட்டும் போதாது, இரண்டும் வேறு.

குழுவில் உள்ள எல்லாச் சாதனங்களும் விஎஃப்ஐஓவிடம் (சாதனத்தை விஎம்முக்கு ஒப்படைக்கும் லினக்ஸ் டிரைவர்) இருக்க வேண்டும் என்ற பிழை வந்தால் ஐஓஎம்எம்யு குழுவை, அதாவது ஒன்றாகவே ஒப்படைக்க வேண்டிய சாதனங்களின் தொகுப்பை, பாருங்கள். கார்டின் ஒலிப் பகுதி தனிச் சாதனமாக அதே குழுவில் இருக்கும், அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதே குழுவில் உங்கள் நெட்வொர்க் கார்டோ சாட்டா கன்ட்ரோலரோ இருந்தால் கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். குழுக்களை வலுக்கட்டாயமாகப் பிரிக்கும் ஏசிஎஸ் பேட்ச் ஒன்று உண்டு. அது பாதுகாப்புச் சுவரை இருப்பதாகப் பாவிக்கிறது, உண்மையில் கட்டுவதில்லை. கணக்கு வழக்கு ஓடும் கணினியில் அதைப் போடாதீர்கள்.

விண்டோஸுக்குள் கோட் 43 என்ற பிழை வந்தால் பெரும்பாலும் என்விடியா டிரைவர் பழையது. 2021இல் வந்த 465 வரிசை முதல் ஜீஃபோர்ஸ் கார்டுகளை விஎம்முக்குள் அனுமதிக்கிறார்கள். முதல் தடவை ஓடி, விஎம்மை அணைத்துப் போட்டால் மறுபடி வரவில்லை என்றால் கார்டு ஒழுங்காக ரீசெட் ஆகவில்லை. சில ஏஎம்டி கார்டுகளில் இது பேர்போன குறை, ஹோஸ்டை மறுதொடக்கம் செய்தால்தான் வரும். புதிதாக ஒரு என்விஎம்இ டிஸ்க் போட்ட மறுநாள் எல்லாம் குழம்பினால் பிசிஐ முகவரிகள் நகர்ந்திருக்கும், விஎம் அமைப்பில் எண்ணைத் திருத்துங்கள்.

வெப்கேமரா விஎம்மில் விட்டு விட்டு ஓடினாலும் கார்டையே கொடுக்கும் இந்த வழி உதவும். தொடர்ந்து படம் அனுப்பும் சாதனங்களுக்கு யூஎஸ்பி ஒப்படைப்பு அவ்வளவாகப் பொருந்தாது. விர்ச்சுவல்பாக்ஸில் வெப்கேமுக்கென்று தனி மெனு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். கேவிஎம்மில் ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலர் கார்டையே விஎம்முக்குக் கொடுத்துவிட்டால் கேமரா சொந்தக் கணினியில் ஓடுவதுபோல் ஓடும். உங்கள் கீபோர்டு அதே கன்ட்ரோலரில் இல்லை என்று உறுதி செய்த பிறகு.

கரண்ட் போய் வந்த பிறகு எதுவுமே ஓடவில்லை

தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் என்று இரண்டு மழையும் காணும் மாவட்டம் நம்முடையது, இடிமின்னலுக்குக் குறைவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்கள் உண்டு. நீண்ட மின்தடைக்குப் பிறகு விடி-எக்ஸ் அணைக்கப்பட்டிருக்கிறது என்ற பிழையோடு எல்லா விஎம்களும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரியைச் சந்தேகியுங்கள். அது தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள் பழையபடி ஆகிவிடும். சில பலகைகளில் விடி-எக்ஸும் விடி-டியும் அணைந்த நிலைக்குத் திரும்பும். கணினியின் தேதியும் பின்னால் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். பேட்டரியை மாற்றி, இரண்டையும் இயக்கி, தேதியைச் சரிசெய்யுங்கள். தேதி தப்பாக இருந்தால் டோக்கன் கையொப்பமும் செல்லாது என்று சொல்லும்.

விஎம் நிலையைச் சேமித்து மூடும் பழக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். சேமித்தபோது இணைந்திருந்த யூஎஸ்பி சாதனம், திறக்கும்போது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் நிரல் காத்துக்கொண்டே நிற்கும். சாதனம் இணைத்த விஎம்களை முழுக்க ஷட்டவுன் செய்தே மூடுங்கள். காலையில் முதலில் ஹோஸ்ட், பிறகு தராசும் பிரிண்டரும், அவை ஹோஸ்டில் தெரிந்த பிறகு விஎம்கள் என்ற வரிசையில் தொடங்குங்கள்.

இடி கேட்கத் தொடங்கியதும் தராசின் சீரியல் கேபிளைக் கணினிப் பக்கம் கழற்றி வைத்துவிடுங்கள். வாசலிலிருந்து உள்ளறை வரை ஓடும் நீளமான செம்புக் கம்பி அது. யுபிஎஸ் மெயின் லைனைத்தான் பார்த்துக்கொள்ளும், இந்த வழியில் வருவதை அதனால் தடுக்க முடியாது. கழற்ற முடியாத அளவுக்கு வியாபாரம் ஓடும் கடை என்றால் ஒளி வழியே சிக்னலை மட்டும் கடத்தும், ஆர்எஸ்-232க்கான ஆப்டோ ஐசோலேட்டர் ஒன்றை நடுவில் போட்டுவிடுங்கள்.